மேகத்தில் ஒரு பொதுப் பதிவேடு

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முன்பெல்லாம் ஒரு பெரிய பதிவேடு கிடக்கும். தனி ஊசலை ஆட்டுபவரும் திருகு அளவியைத் திருகுபவரும் தத்தம் அளவீடுகளை அதில்தான் குறிக்க வேண்டும். ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருப்பார். எழுதியதை எல்லாரும் படிக்கலாம். தவறிய ஓர் எண்ணை மட்டும் அடித்துத் திருத்தலாம். மாணவர் வீட்டுக்குப் போனாலும் பதிவேடு அங்கேயே இருக்கும்.

இப்போது மாணவர்களுக்குப் பதில் கணிப்பொறிகளை வைத்துக்கொள்வோம். எங்கள் துறையில் முதுகலை மாணவர்கள் சிலர், ஒரு தடுப்புச் சுவருக்குள் நியூட்ரான்கள் எவ்வாறு சிதறுகின்றன என்பதை மான்டி கார்லோ முறையில் கணக்கிட முனைந்தனர். இலட்சக்கணக்கான நியூட்ரான்களின் பாதையை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் கணக்கு இது. ஒரே கணிப்பொறி செய்தால் பல நாள் ஆகும். எட்டுக் கணிப்பொறிகளைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து வேலையைப் பங்கிட்டால் விரைவில் முடியும். ஆனால் எட்டும் தம் விடைகளை எங்கே எழுதும்? வாடகை முடிந்ததும் கணிப்பொறியோடு அதன் வட்டும் போய்விடும் அல்லவா? ஆகவே மேகத்திலும் ஒரு பொதுப் பதிவேடு வேண்டியதாயிற்று. அதை ஒரு நிரலின் வழியாகவே அமைத்தோம். பின்னர் அந்த நிரலில் நான் ஒரு சொல்லை மாற்றப்போய், ஒரு பருவம் முழுவதும் சேர்ந்த விடைகள் ஒரு காலைப்பொழுதில் காணாமற்போயின. அதற்கு வருமுன் பதிவேட்டின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று வகைச் சேமிப்பு

மேகம் என்பது வேறொன்றுமில்லை. யாரோ ஒரு நிறுவனம் தன் பெரிய கட்டடங்களில் நிறுத்தியிருக்கும் கணிப்பொறிகளை நாம் இணையத்தின் வழியே வாடகைக்குப் பயன்படுத்துவதே. நாங்கள் பயன்படுத்தியது அமேசான் நிறுவனத்தின் சேவை. அங்கே தகவலைச் சேமிக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வட்டு. அது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே கணிப்பொறியோடுதான் இணையும். ஒருவருடைய சொந்த நோட்டுப் புத்தகம் போன்றது. மற்றொன்று, 2006-இல் வந்த எஸ்-3 என்னும் பொருட்கிடங்கு. எத்தனை பேரும் எடுக்கலாம், வைக்கலாம். ஆனால் பொதுவாக ஒரு பொருளின் நடுவில் ஓர் எழுத்தைத் திருத்த இயலாது. முழுவதையும் எடுத்து, திருத்தி, மீண்டும் முழுவதையும் வைக்க வேண்டும். மூன்றாவதுதான் நம் பதிவேடு. எலாஸ்டிக் ஃபைல் சிஸ்டம் என்பது அதன் பெயர். 2015-இல் அறிவிக்கப்பட்டு 2016-இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இக்கட்டுரையில் அதைக் 'களஞ்சியம்' என்றே அழைப்போம்.

களஞ்சியத்தோடு கணிப்பொறிகள் பேசும் மொழி புதியதன்று. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்ற முறையின் நான்காம் பதிப்பே இங்கும் பயன்படுகிறது. வேறு எங்கோ இருக்கும் கோப்புறையைத் தன் சொந்தக் கோப்புறையாகவே கணிப்பொறியைக் காணச் செய்வதுதான் அதன் வேலை. மாணவர் எழுதிய கணக்கு நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 'இந்தக் கோப்பின் இறுதியில் எழுது' என்றால் எழுதும்.

'எலாஸ்டிக்' என்ற சொல்லுக்கும் பொருள் உண்டு. இத்தனை கிகாபைட் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எழுத எழுதக் களஞ்சியம் பெருகும், அழித்தால் சுருங்கும், இருப்பதற்குத்தான் வாடகை. வட்டு பழுதாவதும், அதை மாற்றுவதும், படியெடுத்து வைப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. நமக்கு விடப்பட்டிருப்பவை சில தீர்மானங்கள் மட்டுமே. அந்தச் சில தீர்மானங்களில்தான் எல்லாம் இருக்கிறது.

கட்டளையிடும் நூலகம்

களஞ்சியத்தைத் திரையில் பொத்தான்களை அழுத்தியும் உருவாக்கலாம். ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது அடுத்த ஆண்டு யாருக்கும் நினைவிராது. நிரலாக எழுதிவிட்டால் அது செய்முறைக் குறிப்பேடு போல நிலைக்கும். வேறொருவர் படித்துச் சரிபார்க்கலாம். அப்படியே திரும்பச் செய்யலாம்.

இதற்குப் பைத்தான் மொழியில் போட்டோ-3 என்றொரு நிரல் நூலகம் உள்ளது. புகைப்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் ஓங்கிலின் பெயர் இது. இந்த நூலகம் கட்டளை முறையைச் சேர்ந்தது. 'களஞ்சியம் ஒன்றை உருவாக்கு' என்று சொன்னதும் விடை உடனே வந்துவிடும். ஆனால் அந்த விடையில் 'உருவாகிக்கொண்டிருக்கிறது' என்றுதான் இருக்கும். களஞ்சியம் இன்னும் பிறக்கவில்லை. சில விநாடிகளுக்கு ஒருமுறை 'ஆயிற்றா?' என்று கேட்கும் ஒரு சுழற்சியை நாமே நிரலில் எழுதி, 'தயார்' என்று வந்த பின்னரே அடுத்த கட்டளையை அனுப்ப வேண்டும். முதன்முதலில் எழுதுபவர் எல்லாரும் இதை விட்டுவிட்டுப் பிழைச் செய்தி வாங்குவர்.

அதில் ஓர் அழகான ஏற்பாடும் உண்டு. உருவாக்கும் கட்டளையோடு நாம் ஓர் 'அடையாளச் சீட்டு' அனுப்ப வேண்டும்; 64 எழுத்துகளுக்குள் எதுவாகவும் இருக்கலாம். கட்டளை போன பின், விடை வருமுன் இணைப்பு அறுந்துவிட்டது என்று கொள்வோம். களஞ்சியம் உருவாயிற்றா இல்லையா? தெரியாது. மீண்டும் அனுப்பினால் இரண்டு உருவாகிவிடுமோ என்ற ஐயம். அதே சீட்டோடு மீண்டும் அனுப்பினால், 'இந்தச் சீட்டுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதன் எண் இது' என்று மறுத்துவிடும். நூறு முறை கேட்டாலும் ஒன்றுதான்.

களஞ்சியம் எழுந்தாலும் அதற்குள் போக வழி வேண்டும். நிறுவனத்தின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்றுக்கொன்று விலகிய பல மண்டலங்கள் உண்டு. 2016-இல் தொடங்கிய மும்பை வட்டாரத்தில் மூன்று மண்டலங்கள். ஒரு மண்டலத்தில் மின்சாரமோ வலையமைப்போ பழுதானாலும் மற்றவை நிற்க வேண்டும் என்பது நோக்கம். களஞ்சியத்துக்கு மண்டலத்துக்கு ஒன்றாக 'வாயில்' வைக்க வேண்டும். ஆக மூன்று கட்டளைகள். ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு காவல் விதி: 2049 என்னும் எண்ணுள்ள துறையில் எந்தக் கணிப்பொறிகள் வரலாம் என்பது. இந்த விதியை மறந்துவிட்டால் 'அனுமதி இல்லை' என்ற செய்தி வரும் என எதிர்பார்ப்போம். வராது. காவலாளி மறுப்பதில்லை, நம் கடிதத்தை வாங்கிப் பேசாமல் போட்டுவிடுகிறான். இணைப்புக் கட்டளை விடையின்றித் தொங்கிக்கொண்டே இருக்கும். தொங்கினால் காவல் விதியைப் பார்க்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ளோர் முதலில் கற்கும் பாடம்.

இன்னொரு தடை உள்ளே நுழைந்த பின் வரும். புதுக் களஞ்சியத்தின் மேல்நிலைக் கோப்புறை தலைமைப் பயனருக்கே உரியது. மற்றவர் பார்க்கலாம், எழுத முடியாது. மாணவர்களின் கணக்கு எழுதும் உரிமையின்றி நிற்கும். இதற்கென 'நுழைவுப் புள்ளி' என்றொன்றை அமைத்து, 'இவ்வழியே வருவோர் இந்தக் கோப்புறைக்குள், இந்தப் பயனர் எண்ணோடு வந்ததாகக் கொள்க' என்று எழுதிவிடலாம்.

விவரிக்கும் நூலகம்

மேற்சொன்னவற்றைக் கட்டளை கட்டளையாக எழுதினால் நிரல் நீளும். ஆகவே 2019 முதல் வேறொரு நூலகம் பரவலாகப் பயன்படுகிறது. கிளவுட் டெவலப்மென்ட் கிட், சுருக்கமாக சி.டி.கே. இதில் 'செய்' என்று சொல்வதில்லை. 'இது இருக்கட்டும்' என்று விவரிக்கிறோம். எங்கள் நிரலின் சாரத்தைத் தமிழில் இவ்வாறு தரலாம்:

'நியூட்ரான்-பதிவேடு' என்ற அடையாளத்தில் ஒரு களஞ்சியம் இருக்கட்டும். அது இந்த வலையமைப்புக்குள் இருக்கட்டும். உள்ளே எழுதுவது மறையாக்கம் செய்யப்படட்டும். செயல் முறை பொதுமுறை. வேக முறை வரவு-செலவு முறை. 30 நாள் தொடப்படாத கோப்பு மலிவான அறைக்குப் போகட்டும். இந்த எட்டுக் கணிப்பொறிகள் உள்ளே வரட்டும்.

மூன்று வாயில்கள் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. நூலகமே அறிந்து வைத்துவிடும். 2049-ஆம் துறையின் காவல் விதியும் அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்து தானே எழுதப்படும். காத்திருக்கும் சுழற்சியும் தேவையில்லை. சி.டி.கே. இந்த விவரணையை ஒரு நீண்ட பட்டியலாக மாற்றும்; கிளவுட் ஃபார்மேஷன் என்னும் சேவை அந்தப் பட்டியலையும் முன்பு நிறைவேற்றிய பட்டியலையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் செயற்படுத்தும். 30 நாளை 60 ஆக்கினால் அது ஒன்றுதான் மாறும், மற்றவை அசையா.

மிக வசதியான ஏற்பாடு. ஆனால் அந்த ஏழு வாக்கியங்களையும் மீண்டும் படித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே தோற்றத்தில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. உண்மையில் அவை ஒரே வகையினவா?

மீள்வனவும் மீளாதனவும்

வெப்ப இயக்கவியலில் மீளும் மாற்றம், மீளா மாற்றம் என இரண்டு உண்டு. பனிக்கட்டி உருகினால் மறுபடி உறையவைக்கலாம். சூளையில் வெந்த செங்கல்லை மறுபடி களிமண்ணாக்க முடியாது. வேறு செங்கல்தான் அறுக்க வேண்டும். களஞ்சியத்தின் அமைப்புகளும் இவ்வாறே. மலிவான அறைக்குப் போகும் நாள்கணக்கு, வேக முறை, நாள்தோறும் படியெடுப்பது ஆகியவை உருகி உறைபவை. மறையாக்கம் உண்டா இல்லையா, அதற்கு எந்தத் திறவுகோல், செயல் முறை எது, ஒரு மண்டலமா பல மண்டலமா என்பவை பிறக்கும்போதே வெந்துவிடுபவை. ஓடும் களஞ்சியத்துக்கு 'இனி மறையாக்கம் செய்' என்று சொல்ல வழியே இல்லை.

அப்படியென்றால், நிரலில் மறையாக்கம் 'இல்லை' என்பதை 'ஆம்' என்று மாற்றினால் என்ன ஆகும்? பிழை வரும் என்று நினைப்பீர்கள். வராது. நாம் விவரித்தபடி உலகை மாற்றுவதே அந்தச் சேவையின் கடமை. பழைய களஞ்சியத்தை மாற்ற முடியாது. ஆகவே மறையாக்கம் உள்ள புதிய களஞ்சியம் ஒன்றை, காலியாக, எழுப்பி அதைப் பழையதன் இடத்தில் வைக்கும். பழையதற்கு இனி இடமில்லை என்பதால் அதை நீக்கும். எஸ்-3 பொருட்கிடங்கில் ஏதேனும் பொருள் இருந்தால் அதை நீக்க முடியாது. முதலில் காலி செய் என்று மறுத்துவிடும். களஞ்சியமோ வாயில்கள் எடுக்கப்பட்டுவிட்டால் உள்ளே எத்தனை கோப்புகள் இருந்தாலும் மறுப்பின்றி அழியும்.

இதைத் தடுப்பது நீக்கற் கொள்கை என்னும் ஒரே ஒரு வரி. 'வைத்திரு' என்றோ 'அழித்துவிடு' என்றோ எழுதலாம். எழுதாமல் விட்டால் களஞ்சியத்தைப் பொறுத்தவரை சி.டி.கே. 'வைத்திரு' என்றே கொள்ளும். இந்த விதியை வகுத்தவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சோதனைக் காலத்தில் குப்பை சேரக் கூடாதென்று நான் 'அழித்துவிடு' என்றுதான் எழுதியிருந்தேன். உண்மையான கணக்கு தொடங்கும் முன் நிரலைப் படித்த மாணவி ஒருவர், "சார், இந்த வரி எதற்கு?" என்று கேட்டார். சரியான விடை சொல்லத் தெரியாமல் அதை எடுத்துவிட்டேன்.

வேக முறையில் ஒரு கணக்கு

வேக முறை மீளக்கூடியதுதான் என்றாலும் அதில் ஒரு பொறி உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வரவு-செலவு முறையில் களஞ்சியத்தின் வேகம், உள்ளே இருக்கும் தகவலின் அளவைப் பொறுத்தது. ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் விநாடிக்கு 50 கிலோபைட். எங்கள் விடைகள் 20 கிகாபைட்; ஆக நிலையான வேகம் விநாடிக்குச் சுமார் 1 மெகாபைட். இது மிகக் குறைவு. ஆனால் பயன்படுத்தாத நேரத்தில் அந்த வேகம் வரவாகச் சேரும். தேவைப்படும்போது விநாடிக்கு 100 மெகாபைட் வரை செலவழிக்கலாம். மின்தேக்கி மெதுவாக மின்னேற்றம் பெற்று நொடியில் பளிச்சென்று இறக்குவது போல. ஒரு நாளின் 86,400 விநாடிகளில் சேரும் வரவு சுமார் 86,400 மெகாபைட். முழு வேகத்தில் எழுதினால் 864 விநாடியில், அதாவது கால் மணி நேரத்துக்குள், தீர்ந்துவிடும். படிப்பதற்கு இதில் மூன்றில் ஒரு பங்குதான் கழியும்.

பொறி எங்கே என்றால், புதிதாகப் பிறந்த களஞ்சியத்துக்கு 2.1 டெராபைட் வரவை முன்பணமாகக் கொடுத்துவிடுகிறார்கள். முழு வேகத்தில் ஆறு மணி நேரம் எழுத அது போதும். ஆகவே சோதனையில் எல்லாம் பறக்கும். முதல் வாரமும் பறக்கும். பிறகு ஒருநாள், நிரலில் எதையும் மாற்றாமலே, வேகம் நூறில் ஒரு பங்காகும். வரவு எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டும் அளவி ஒன்று உண்டு. அதைப் பாராமல் நிரலில் பிழை தேடி இரண்டு இரவுகளைக் கழித்தோம்.

மாற்று உண்டு. 2022-இல் வந்த நெகிழ்வு முறையில், எழுதிய படித்த அளவுக்குப் பணம். வரவு பார்க்க வேண்டியதில்லை. அல்லது மாறாத ஒரு வேகத்தைக் குறித்து வாடகை கட்டலாம். ஆனால் அந்த முறைக்கு மாறினால் 24 மணி நேரத்துக்குத் திரும்ப முடியாது. நாளில் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்யும் எங்களைப் போன்றோருக்கு நெகிழ்வு முறையே பொருத்தம் என்பது என் கருத்து.

ஒரு சொல் மாறியது

இனி அந்தக் காலைப்பொழுது. புதிய பருவத்தில் வேறொரு குழு காமாக் கதிர்களையும் கணக்கிட வந்தது. 'நியூட்ரான்-பதிவேடு' என்ற பெயர் பொருந்தவில்லை. 'துகள்-பதிவேடு' என்று மாற்றினேன். மறையாக்கம், செயல் முறை எதையும் தொடவில்லை. வெறும் பெயர்தானே?

பெயரன்று. சி.டி.கே.யில் திரையில் தெரியும் பெயர் வேறு. அதை எத்தனை முறையும் மாற்றலாம். நான் மாற்றியது அடையாளம். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடும் சேவைக்கு அந்த அடையாளம் ஒன்றே ஆதாரம். அதன் கண்ணுக்கு, 'துகள்-பதிவேடு' என்ற புதிய களஞ்சியம் பிறக்க வேண்டும். 'நியூட்ரான்-பதிவேடு' என்பது பட்டியலில் இல்லை. காவல் விதிகள் மாறுகின்றன, சம்மதமா என்று திரை கேட்டது. ஆம் என்று தட்டினேன். காவல் விதிகளைப் பற்றித்தான் அது கேட்டது. களஞ்சியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. செயற்படுத்துமுன் வேறுபாட்டை மட்டும் காட்டும் தனிக் கட்டளை ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால், பழைய களஞ்சியத்தின் பக்கத்தில் ஒரு கழித்தல் குறியும், 'அநாதை' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லும் தெரிந்திருக்கும். 'வைத்திரு' என்ற கொள்கை உள்ளவற்றைப் பட்டியலிலிருந்து விடும்போது அது இடும் குறிப்பு அது. 'அழித்துவிடு' என்றிருந்தால் அங்கே 'அழிப்பு' என்றிருக்கும்.

மறுநாள் புதிதாக எழுந்த கணிப்பொறிகள் புதுக் களஞ்சியத்தோடு இணைந்தன. கோப்புறை காலி. மாணவர்கள் என்னிடம் வந்தபோது, நாள்தோறும் படியெடுக்கும் அமைப்பை நிரலில் எழுதியிருக்கிறோமா என்று பார்த்தேன். எழுதவில்லை. எழுதியிருந்தால் 35 நாள் வரையிலான படிகள் கையில் இருந்திருக்கும்.

வட்டாரத்திலுள்ள களஞ்சியங்களையெல்லாம் பட்டியலிடும்படி போட்டோ-3 நூலகத்தைக் கேட்டோம். இரண்டு வந்தன. ஒன்று புதியது. மற்றொன்றின் அளவு 20 கிகாபைட். வாயில்களின் எண்ணிக்கை பூச்சியம். களஞ்சியம் இருந்தது, கதவுகள் இல்லை. 'வைத்திரு' என்ற கொள்கை களஞ்சியத்துக்கு மட்டுமே. வாயில்களைப் பட்டியலிலிருந்து விட்டதும் சேவை அவற்றைக் கழற்றி எடுத்துவிட்டது. பழைய களஞ்சியத்தின் எண்ணைக் கொடுத்து, மண்டலத்துக்கு ஒன்றாக மூன்று கட்டளைகளை அனுப்பி, 'ஆயிற்றா?' என்று கேட்கும் சுழற்சியை ஓடவிட்டோம். மூன்றாம் வாயிலும் 'தயார்' என்றதும், வரியைப் பற்றிக் கேட்ட அதே மாணவி இணைப்புக் கட்டளையைத் தட்டினார். கோப்புகள் அத்தனையும் இருந்தன. அவற்றைப் புதுக் களஞ்சியத்துக்குப் படியெடுக்க அன்று மாலைவரை ஆயிற்று.